துவைக்கக் கூடாது என்ற ஜெர்சி

டிவியில் ஃபுட்பால் போட்டால் அப்பா எழுந்து போய்விடுகிறார் என்று உங்கள் அம்மாவிடம் குறை சொல்கிறீர்கள். விளையாட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூக்கில் ஒரு நாற்றம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். அது எங்கேயிருந்து வந்தது என்று எழுதுகிறேன்.

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். நான் ஷார்ஜாவில் தொழிலாளர் கேம்ப்பில் தங்கி, ஒரு ஃபுட்பால் கிளப்பில் துணி துவைக்கிற டூட்டி பார்த்தேன். ஆள் சப்ளை பண்ணுகிற கம்பெனி ஒன்று என்னை அங்கே அனுப்பியிருந்தது. ஆட்டக்காரர் ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்ட வலைப்பை ஒன்று உண்டு. பயிற்சி முடிந்ததும் ஜெர்சி, டவுசர், காலுறை எல்லாவற்றையும் அதில் திணித்துத் தரையில் வீசிவிடுவார்கள். பையை அவிழ்க்காமல் அப்படியே மெஷினில் போட்டு, காயவைத்து, மறுநாள் அவரவர் இடத்தில் மாட்ட வேண்டும். கிளப் துணி வாசலைத் தாண்டக் கூடாது. அது அங்கே சட்டம்.

வேர்வை, சேறு, சளி, சில நாள் வாந்தியும் இருக்கும். முதல் மாசம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. ஓடுகிற உடம்பில் அழுக்கு வரத்தான் செய்யும், தண்ணீர் பட்டால் போய்விடும்.

அந்த டீமில் நடுவில் ஆடுகிற பிரேசில்காரர் ஒருத்தர் இருந்தார். போர்ச்சுகல், துருக்கி, ஜப்பான், கத்தார் என்று நாடு நாடாக ஆடிவிட்டுக் கடைசியில் எங்களிடம் வந்தவர். கோல் போட்டுப் பேர் வாங்குகிற ஆள் இல்லை. பந்தை வாங்குவார், தலையை நிமிர்த்திப் பார்ப்பார், யாருக்குப் போக வேண்டுமோ அங்கே தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவார். துணியை மடித்துப் பையில் வைத்து என் கையில் கொடுக்கிற ஒரே ஆள் அவர்தான். பாதி இங்கிலீஷ், பாதி சைகையில் பேசிக்கொள்வோம். ஒருநாள் மகள் படத்தைக் காட்டினார். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு சின்னப் பெண்.

"இவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு வருஷத்தை முடித்ததே இல்லை. பாதியிலேயே என்னை வேறு ஊர் கிளப்புக்கு விற்றுவிடுவார்கள். இந்தத் தடவை ஜூன் வரைக்கும் இங்கேதான் என்று சொல்லியிருக்கிறேன்" என்றார்.

ஜனவரியில் கிளப் புதுசாக ஒரு ஆளைக் கொண்டுவந்தது. கோல் அடிக்கிறவன், இளவட்டம். ஒரு டீமில் வெளிநாட்டுக்காரர் இத்தனை பேர்தான் என்று அங்கே விதி உண்டு. அதனால் ஆடுகிறவர் லிஸ்டிலிருந்து பிரேசில்காரரை எடுத்துவிட்டார்கள். அவர் நம்பரையும் புது ஆளுக்கே கொடுத்தார்கள். ஆனால் ஒப்பந்தம் சீசன் முடிகிற வரைக்கும் இருந்தது. இவர்களாக அனுப்பினால் மிச்சச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும், அதனால் அவராகவே விட்டுவிட்டுப் போகட்டும் என்று பார்த்தார்கள்.

டீம் மானேஜர் வேறொரு அரபு நாட்டுக்காரன். அவன் வருவதற்கு முன்னாலேயே அவன் பூசிய அத்தர் வந்துவிடும். துணி அறை வாசலில் நின்று என்னிடம் கலப்பு ஹிந்தியில் சொன்னான்:

"இந்த ஆள் துணி இனிமேல் மாஃபி வாஷ், துவைக்கக் கூடாது. மாலூம்?"

"நாறுமே ஸார்."

"நாறட்டும். நாறினால்தானே போவான்!" சொல்லிவிட்டு, நல்ல ஜோக் சொன்ன மாதிரி என் தோளைத் தட்டினான்.

அவர் சொந்தத் துணி போட்டு வந்தால் ஒப்பந்தத்தை மீறியதாகும். தாமதமாக வந்தாலும் அப்படித்தான், கிளப் துணியை வெளியே கொண்டுபோனாலும் அப்படித்தான். ஒரு தப்பு கிடைத்தால் போதும், ஒப்பந்தத்தைக் கிழித்துவிடலாம். ஒப்பந்தம் போனால் விசா போகும். விசா போனால் பெண்டாட்டி பிள்ளையோடு மூட்டை கட்ட வேண்டும். இதை எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கேம்ப்பில் அத்தனை பேரும் அந்தப் பயத்தோடுதான் படுத்து எழுந்தோம்.

மற்றவர்கள் போனபின் உச்சி வெயிலில் அவரைத் தனியாக ஓடவிட்டார்கள். குளிக்கிற அறையையும் அவருக்குப் பூட்டிவிட்டார்கள். கொடுத்த காரைப் பிடுங்கிக்கொண்டார்கள். நேற்று வேர்த்த ஜெர்சியை இன்றைக்கும் போட்டார், மறுநாளும் அதையே போட்டார். வேலியில் காயப்போட்டுப் பார்த்தார். கிளப்பின் அழகு கெடுகிறது என்று அதையும் எடுக்கச் சொன்னார்கள். ஏப்ரல் வந்தபோது துணியில் உப்பு வெள்ளையாகப் படிந்து, கறுப்புப் புள்ளியாகப் பூசணம் பூத்திருந்தது. அக்குள், தொடை எல்லாம் சிவந்து தடித்துப்போய், காலை அகட்டி அகட்டி நடந்தார். புதுசாக வந்தவன் ஒருநாள் அவர் மேல் சென்ட் அடித்தான். எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கோச் குனிந்து புல்லைப் பார்த்தார்.

அன்றைக்கு அந்தத் துணியைச் சோற்றுப் பையில் சுருட்டிக் கேம்ப்புக்கு எடுத்துவந்தேன். என் ரூமில் நாகர்கோவில் பக்கத்துத் தம்பி ஒருத்தன் இருந்தான், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன். பையைத் திறந்ததும் கட்டிலிலிருந்து குதித்துவிட்டான்.

"எண்ணே, என்னத்தக் கொண்டு வந்திருக்கிய? செத்த எலியா?"

"பிரேசில்காரர் ஜெர்சிடா."

"ஓ, உலகக் கோப்பை வாங்குன நாட்டு வாசமா இது! அவங்க ஊர்ல சோப்பே கிடையாதோ?"

விஷயத்தைச் சொன்னேன். மகளைப் பற்றியும் சொன்னேன். எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கட்டடத்தில் வீடு என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அது நம்ம பஸ்ஸுல வார பிள்ளையாக்கும். பின்சீட்டுலதான் இருக்கும். பேச்சு ரொம்பக் கிடையாது." எழுந்துபோய்த் தன் சோப்பை எடுத்துவந்து கொடுத்தான். "இந்தாங்கண்ணே, ஒம்ம சோப்புக்கு அது போவாது."

வாளியில் ஊறவைத்து, மூன்று தண்ணீர் மாற்றி அலசினேன். ஏசியின் பின்பக்கம் சூடாகக் காற்று அடிக்குமே, கேம்ப்பில் எல்லோரும் துணி காயவைக்கிற இடம் அதுதான். அங்கே கட்டிக் காயவைத்து, காலையில் கொண்டுபோய் அவர் இடத்தில் மாட்டினேன். அவரிடம் சொல்லவில்லை.

பயிற்சிக்கு முன் மானேஜர் வந்தான். ஜெர்சியை எடுத்தான். அக்குள் பக்கத்தை மூக்கில் வைத்து இழுத்து மோந்தான். அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன், பிள்ளைகளா. அத்தர் பூசிய ஒரு மனுஷன், இன்னொருத்தன் அக்குளை மோந்து பார்த்து, நாறவில்லையே என்று முகம் சுளித்தான். அடுத்த நிமிஷம் அந்த முகத்தில் ஒரு சந்தோஷம். உடை மாற்ற வந்து நின்ற பிரேசில்காரரைப் பார்த்துக் கத்தினான்:

"வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாய்! கிளப் துணி வெளியே போயிருக்கிறது. கலாஸ்! ஒப்பந்தம் முடிந்தது!"

பிரேசில்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெர்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் புரிந்துவிட்டது. ஆனாலும் என்னைக் கைகாட்டவில்லை. "நோ" என்று மட்டும் சொன்னார். அவருக்கு உதட்டைச் சுற்றி வேர்த்துவிட்டது.

"நான்தான் ஸார் எடுத்துட்டுப் போனேன்" என்றேன்.

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல. நாத்தம் தாங்கல. துவைக்கிறதுதானே ஸார் என் வேலை."

அவனுக்கு வந்த கோபம், கையில் கிடைத்ததை நான் பிடுங்கிக்கொண்டேன் என்பதில்தான். கம்பெனிக்கு போன் போட்டான். மத்தியானத்துக்குள் என்னை வேனில் ஏற்றி துபாயில் அல் கூஸ் பக்கம் ஒரு டைல்ஸ் குடோனுக்கு அனுப்பிவிட்டார்கள். மூட்டை தூக்கி முதுகு போனது அங்கேதான். ஆனால் துணியை எடுத்தவன் நான், அவர் இல்லை. அதனால் அவர் ஒப்பந்தத்தை அவர்களால் தொட முடியவில்லை.

அதற்கப்புறம் அவர் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. இந்த ஆளுக்குப் பயிற்சியில் ஆர்வமில்லை, வளைகுடாவுக்கு ஓய்வெடுக்க வந்தவன் என்று மானேஜர் பேப்பரில் சொல்லியிருந்ததை குடோனில் ஒருத்தர் வாசித்துக் காட்டினார். டீ குடித்துக்கொண்டிருந்தேன். மிச்சத்தைக் கீழே கொட்டிவிட்டேன்.

ஜூன் கடைசியில் வேறு கேம்ப்பிலிருந்த என்னைத் தேடி ஒரு வெள்ளிக்கிழமை நாகர்கோவில் தம்பி வந்தான். பள்ளிக்கூடம் அடைத்துவிட்டது என்றான்.

"அந்தப் பிள்ள கடைசி நாள் வரைக்கும் வந்துச்சுண்ணே. கூட்டிட்டுப் போவ அப்பன் கிரவுண்ட்லேர்ந்து குளிக்காம நேரே வந்துட்டாரு. கார் இல்லல்லா, நம்ம பஸ்ஸுலயே ஏறிட்டாரு. அம்மாடி, அந்த நாத்தம்! நான் கண்ணாடியெல்லாம் இறக்கிட்டேன். பிள்ளைங்க எல்லாம் முன்னாடி ஓடி வந்துட்டு. அது மட்டும் பரீட்சை மார்க்க அவருட்டக் காட்டிக்கிட்டு, வீடு வார வரைக்கும் அவரு மடியிலேயே இருந்துச்சு."