வெளியுறவு மந்திரியின் மகள்

எங்கள் நைனாவுக்கு இரண்டு உத்தியோகம். வாரத்தில் ஆறு நாள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டேஷன் பக்கம் இருந்த பாய் டீக்கடையில் உட்கார்ந்து உலகத்தை நடத்துவார். முதல் உத்தியோகத்தில் வாயே திறக்கமாட்டார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டாவதுதான்.

அமெரிக்கா ஈராக்கில் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. நான் ஐந்தாம் வகுப்பு. நைனா பேப்பரை விரித்துச் சத்தமாகப் படிப்பார். பேப்பரில் இல்லாததையும் சேர்த்துப் படிப்பார்.

"ஆயுதம் கீது, ஆயுதம் கீதுன்னு உள்ள பூந்தானே, எங்க கீது? காட்டு பாக்கலாம்! எல்லாம் எண்ணெய்க்குத்தான்யா. பக்கத்து நெலத்துக் கெணறு மேல பெரிய மனுசன் கண்ணு வெச்சா இன்னா பண்ணுவான்? மொதல்ல அவன் திருடன், திருடன்னு ஊரெல்லாம் சொல்லுவான். அப்புறம் வேலியப் பிரிப்பான். அதான் இது. இதுல செத்ததெல்லாம் யாரு? பச்சப் புள்ளைங்க."

"வெளியுறவு மந்திரி சொல்லிட்டாரு, கேட்டுக்கோங்கப்பா! இன்னொரு டீ போடவா தோஸ்த்?" என்பார் கடைக்கார பாய். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் நைனா பேச ஆரம்பித்தால் யாரும் எழுந்து போனதில்லை. பெஞ்சு ஓரத்தில் பொறை ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருக்கும் எனக்குப் பெருமை தாங்காது.

அந்தச் சமயம் ஊரில் சில கடைகளில் அமெரிக்கக் கோலா விற்பதை நிறுத்தினார்கள். நைனா சும்மா இருப்பாரா? வீட்டிலிருந்த அமெரிக்கப் பேஸ்ட்டைக் குப்பையில் போட்டுவிட்டுப் பல்பொடி வாங்கி வந்தார். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவன் சோடா வேணாம், அவன் பேஸ்ட் வேணாம். அவனுக்கு ஷூ மட்டும் ஒட்டித் தருவியா?"

"அது வேற, இது வேற" என்றார் நைனா. சொல்லிவிட்டுப் பல்பொடிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

கம்பெனியில் அப்போது ஆர்டர் கம்மி. ஒரு லைனை நிறுத்தி, அதிலிருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்தது நைனாவின் லைன்தான் என்று பேச்சு. அந்த நேரத்தில்தான் அமெரிக்காவிலிருந்து, ஷூ வாங்கி ஆர்டர் கொடுக்கும் பையர் வருகிறார் என்று சேதி வந்தது. அந்த மனுஷன் தலையாட்டினால் நைனாவுக்கு வேலை உண்டு, இல்லையென்றால் இல்லை.

பையர் வருகிறார் என்றால் கம்பெனிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், கக்கூஸுக்குப் புதுக் கதவு போடுவார்கள், எல்லோருக்கும் மாஸ்க் கொடுப்பார்கள். அவர் போனதும் மாஸ்க்கைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். இதோடு அந்தக் கம்பெனிக்கென்று இன்னொரு வழக்கமும் இருந்தது. இங்கே சின்னப் பிள்ளைகள் வேலை செய்வதில்லை, பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று காட்டுவதற்காகத் தொழிலாளிகளின் பிள்ளைகள் சிலரை யூனிஃபார்மில் வரவழைத்து, கையில் ரோஜாவோடு நிறுத்துவார்கள். நான் இங்கிலீஷ் மீடியம். அதனால் நைனாவே சூப்பர்வைசரிடம் என் பெயரைச் சொல்லிவிட்டு வந்தார். என் பாவாடையை மடிப்பு மடிப்பாக அவரே இஸ்திரி போட்டார். "வெல்கம் சார்னு சொல்லு, ஸ்கூல் பிடிக்கும்னு சொல்லு, போதும்" என்றார்.

போதுமென்று விட்டேனா நான்?

பையர் நல்ல உயரம். வெயிலில் முகம் சிவந்து, சட்டை நனைந்திருந்தது. என் முன்னால் ஒரு காலை மடித்துக் குனிந்து, ரோஜாவை வாங்கிக்கொண்டு, பெரியவளாகி என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டார். பின்னால் நைனா தன் லைன் ஆட்களோடு நின்றிருந்தார். அவர் கேட்கும்படி, தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டிச் சொன்னேன். எண்ணெய்க்காக நீங்கள் ஈராக்கில் குழந்தைகளைக் கொல்கிறீர்கள், என் அப்பா சொன்னார் என்று. டீக்கடையில் தலையாட்டுவதுபோல் இங்கேயும் எல்லோரும் தலையாட்டுவார்கள் என்று நினைத்தேன். அட கடவுளே!

ஒருத்தரும் அசையவில்லை. மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. "யார் பொண்ணுய்யா இது?" என்றார். அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள். என் பெயரை எழுதிக்கொண்ட சூப்பர்வைசரும் அங்கேதான் இருந்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் நைனாவைப் பார்த்தேன். மேனேஜரும் என் கண் போன பக்கம் திரும்பினார்.

"உன் பொண்ணா?"

"இல்ல சார். யாருன்னு தெரில சார்."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

பையர்தான் கடைசியில் சிரித்தார். என் பெண்டாட்டியும் வீட்டில் தினம் இதையேதான் சொல்கிறாள் என்று சொன்னாராம். அவரைவிட மேனேஜர் பலமாகச் சிரித்தார். ஆர்டரும் கிடைத்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் கம்பெனியில் எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். சாயங்காலம் நைனா அதைக் கொண்டுவந்து பிரித்தார். கறித்துண்டுகளையெல்லாம் பொறுக்கி என் தட்டில் வைத்துவிட்டு, வெறும் சோற்றைக் கத்திரிக்காயோடு பிசைந்துகொண்டார்.

"இன்னா, அப்பனும் பொண்ணும் மூஞ்சியத் தூக்கி வெச்சினு கீறீங்க?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்ல. துன்னு கண்ணு" என்றார் நைனா.

தின்றேன். ஒவ்வொரு வாயும் வெட்கமாக இருந்தது. பெற்ற அப்பாவே வேண்டாமென்று சொல்லுமளவுக்கு நான் ஏதோ கேவலம் செய்துவிட்டேன் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் டீக்கடைக்குப் போகவில்லை. "மந்திரி ராஜினாமாவா?" என்று பாய் என்னிடம் கேட்டார். ஜுரம் என்று பொய் சொன்னேன். பிறகு கடைக்குப் போனார், டீ குடித்தார், ஆனால் பேப்பரை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. என்னால்தான் அவர் வாய் அடைத்துப் போனது என்று நினைத்தே வளர்ந்தேன்.

இப்போது நான் வேறொரு ஷூ கம்பெனியில், பையர்களோடு பேசும் வேலையில் இருக்கிறேன். அமெரிக்கா நம் சரக்கின்மேல் வரியை ஏற்றியதும் எங்கள் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருநாள் சாயங்காலம் வீட்டிலிருந்தே வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். அந்த அமெரிக்கப் பையர் நல்ல மாதிரி. அவராகவே கேட்டார், எங்கள் அரசாங்கம் செய்வது உங்களுக்கெல்லாம் கோபமாக இருக்குமே என்று. எங்கள் லைனில் அந்த வாரம்தான் பெண்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். கோபம் இல்லாமல் இருக்குமா?

"சேச்சே, நாங்க அரசியலே பேசறதில்ல சார்" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தேன்.

கூடத்தில் நைனா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ நாலு பேர் அமெரிக்காவைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ரிமோட்டை எடுத்து, சத்தத்தை மெல்லக் குறைத்தார்.

பேசி முடித்து வெளியே வந்தேன். அவர் டிவியைவிட்டுத் திரும்பவில்லை.

"ஆர்டர் குடுத்தானா?"

"குடுப்பான் நைனா."

என் காதெல்லாம் சுட்டது. அவர் எழுந்து போய், எனக்கென்று எடுத்து வைத்திருந்த காபியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் வெட்கப்பட்டது என்னை நினைத்துத்தான் என்று இத்தனை வருஷமும் எண்ணியிருந்தேன், தன்னை நினைத்து என்று தோன்றவே இல்லை. தட்டு நிறையக் கறி வைத்தபோதாவது அந்தப் பத்து வயசுப் பெண்ணுக்குப் புரிந்திருக்கலாம்.