புரண்டு படுத்த சீவல்

எங்கள் தொழிலில் என்ன இருக்கிறது என்று சொன்னால் பாதி மார்க்தான். அது எங்கே இருக்கிறது என்றும் சொன்னால்தான் பாஸ். உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மயிரிழையைவிட மெல்லிசாகச் சீவி, அதில் எந்த செல் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்பதை இடம் மாறாமல் படிக்கிற ஆய்வுக்கூடம் எங்களுடையது. அதில் சீவுகிற ஆள் நான், பெயர் கலா. குளிர்பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு, தும்மலை அடக்கிக்கொண்டு காலம் தள்ளும் சக ஜீவன்களே, நான் பட்டதைக் கொஞ்சம் கேளுங்கள்.

கூடையும் கடலும்

அஞ்சலை அம்மா கடலோர கிராமத்துக்காரர், மீன் விற்பவர். மார்பில் கட்டி. அறுவையின்போது அதில் ஒரு துணுக்கை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று கேட்க எங்கள் தலைவி டாக்டர் மேடம் கிளம்பினார். மேடம் விளக்கினால் சம்மதிக்க நினைத்தவர்களும் பயந்துவிடுவார்கள் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டார்.

"இத்தினி நாளா துண்ட அரைச்சுக் கலக்கித்தாம்மா படிச்சோம். என்னென்ன இருக்குன்னு தெரியும், எது எங்க இருந்துச்சுன்னு தெரியாது. கட்டிய எதிர்க்குற செல்லு எந்தப் பக்கம் நிக்குதுன்னு தெரிஞ்சா, பின்னால வர்றவங்களுக்கு மருந்து தேட உதவும்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கள் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார். "கடல்ல மீனு எங்க வலையில பட்டுச்சுன்னு கேக்காம, இத்தினி நாளா மீன் கூடையவே பாத்துக்கினு இருந்தீங்களா?"

ஈரல்

அஞ்சலை அம்மாவிடமிருந்து வரப்போவது ஒரே ஒரு துணுக்கு. கெடுத்துவிட்டால் இன்னொன்று கேட்க முடியாது. அதனால் முதலில் கோழி ஈரலில் பழகலாம் என்று நெல்லித்தோப்பில் ஒரு கறிக்கடைக்குப் போனேன். செல் அந்த நேரத்தில் என்ன வேலையில் இருந்தது என்று காட்டுகிற ஆர்.என்.ஏ. மகா கோழை, விரல் பட்டாலே சிதைந்துவிடும். ஆகவே கையில் உறை, கூடவே ஐஸ் பெட்டி. "கழுவாதீங்க, அமுக்காதீங்க, கோழிக்குள்ள இது எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். பின்னால் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "ஒரு ஈரலுக்கு இத்தினி விசாரணையா? வூட்ல எல்லாரும் சௌக்கியந்தானே மேடம்?"

கதவு எண்

நாங்கள் சீவலை ஒட்டுகிற கண்ணாடித் தகட்டில் சின்னச் சின்னதாக ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் வேதியியலில் எழுதிய ஒரு கதவு எண். சீவலிலிருந்து இறங்குகிற ஆர்.என்.ஏ. தனக்கு நேர் கீழே இருக்கும் புள்ளியில் ஒட்டி, அந்த எண்ணையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். அப்புறம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து இயந்திரத்தில் படித்தாலும் கவலையில்லை. எண்ணைப் பார்த்து ஒவ்வொன்றையும் அதனதன் வீட்டில் கொண்டுபோய் விடுவது கணினிக்காரர் அந்துவானின் வேலை.

அந்துவானின் வீடு அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பழைய ஊரில். தெருவுக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர். வீட்டுக்குப் பழைய எண், புது எண். நான் சீவிப் பழகிய ஈரலின் படம் முதன்முதலாகத் திரையில் வந்தபோது பெருமூச்சு விட்டு, அதற்குப் பிரெஞ்சில் நன்றியும் சொன்னார். "எங்க வூட்டுக்கு பார்சல் கொண்டாறவன் நாலு வாட்டி போன் பண்றான் கலா. இதுங்க ஒண்ணுகூட வழி கேக்கல, மெர்சி!"

ஒரே தரம்

அஞ்சலை அம்மாவின் துணுக்கு துவரம்பருப்பு அளவில் வந்தது. அதை ஜெல்லில் பதித்து உறையவைத்தேன். தோல் பக்கம் மேலே. அடையாளத்துக்கு மேல்விளிம்பின் நடுவில் ஒரு சின்ன வெட்டு. வலது பக்கம் அக்குள், இடது பக்கம் நடுநெஞ்சு. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

சீவத் தொடங்கியதும் பெருமை போயிற்று. ஏசியையும் மீறி உள்ளே வரும் கடல் ஈரத்தில் முதல் மூன்று சீவல்களும் சுருண்டு வீணாயின. நான்காவதும் சுருண்டது. பிரஷ் நுனியால் பிரித்து விரித்து, தகட்டில் ஒற்றினேன். ஒட்டினால் ஒட்டினதுதான், எடுத்து மறுபடி வைக்க முடியாது. பின்னாலிருந்து மேடம் சொன்னார்: "ஒட்டிடுச்சு கலா. இப்ப நீ மூச்சு விடலாம்."

அழகான படம்

மூன்று மாதம் கழித்துப் படம் வந்தது. கட்டியை எதிர்க்கும் செல்களெல்லாம் நடுநெஞ்சுப் பக்கம் கூடி நின்றன. அக்குள் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. யாரும் எதிர்பார்க்காத விஷயம். மறுநாள் காலை டாக்டர்கள் கூட்டத்தில் காட்டப்போவதாக மேடம் குழந்தை மாதிரி குதித்தார்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். அன்று பிரஷ்ஷால் விரித்தபோது சீவல் குப்புறப் புரண்டிருந்தால்? நடுவில் போட்ட வெட்டு எப்படிப் புரட்டினாலும் நடுவில்தான் இருக்கும், காட்டிக்கொடுக்காது. இடமும் வலமும் மட்டும் மாறிப்போயிருக்கும். நான் வாயைத் திறக்காவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது. நம்பிக் கையெழுத்துப் போட்ட பெண்ணின் உடம்பைப் பற்றி ஊரெல்லாம் பொய் சொல்லிவிடுவோம் என்று தோன்றியது. மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

மேடம் நேராகப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார். ஜெல்லில் மிச்சமிருந்தது இன்னும் ஒரு சீவலுக்குத்தான் காணும். அதைப் புரளாமல் எடுத்துச் சாதாரணக் கண்ணாடியில் ஒட்டி, சாயம் போட்டுப் பார்த்தோம். படத்தில் வலது ஓரம் இருந்த பெரிய ரத்தக்குழாய் இங்கே இடது ஓரத்தில் இருந்தது. அந்துவான் ஒரு பொத்தானைத் தட்டிப் படத்தை இடம் வலமாகத் திருப்பினார். செல்கள் மொத்தமும் அக்குள் பக்கம் போய் நின்றன, எல்லாப் பாடப்புத்தகத்திலும் நிற்கிற மாதிரியே. கண்டுபிடிப்பு காலி. எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடம் திரையை அணைத்தார். "அழகான படம், ஒரே பிரஷ்ல கவுத்துட்ட. பரவால்ல, அந்தம்மா பேர்ல பொய் சொல்லாம தப்பிச்சோம். மூணு டீ சொல்லு."

லட்சக்கணக்கான மூலக்கூறுகளுக்கு வீடு கண்டுபிடித்துக் கொடுத்த எனக்கு, இடது கை எது வலது கை எது என்று தெரிய மூன்று மாதமும் மூன்று டீயும் ஆயிற்று என்பதுதான் என் அனுபவச் சான்றிதழ்.