ஜெனரேட்டர் ஓடிய நாட்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகும் சாலையில் உதயகுமாரின் நைட்டி தைக்கும் ஷெட் இருக்கிறது. முப்பது மிஷின்கள், முப்பது பெண்கள். பதினோரு வருஷமாக அங்கே துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்காருபவள் ஹேமலதா. வீட்டில் கன்னடம் பேசும் நெசவுக் குடும்பத்துப் பெண். எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். பஸ் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால்கூட டிரைவரிடம் காரணம் கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள்.

போன வருஷம் சித்திரையில் ஷெட்டுக்குள் தலைவலி புகுந்தது. காலையில் ஒருத்திக்கு வந்தால் மத்தியானத்துக்குள் பத்துப் பேர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்கள். சிலருக்குக் குமட்டல் வேறு. வெயில் என்றார்கள், சாப்பிடாமல் வருவதால் என்றார்கள். ஒருத்தி டவுனுக்குப் போய்க் கண்ணாடிகூட வாங்கிப் போட்டாள். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சற்று நேரத்தில் எல்லாருக்கும் வலி விட்டுப்போனது. அதுதான் ஹேமலதாவை உறுத்தியது. வீட்டிலும் அதே வெயில்தானே அடிக்கிறது?

தலைவலி வந்த நாட்களைச் சுவரில் தொங்கிய காலண்டரில் சுழித்து வைத்தாள். ஒரு மாதம் கழித்து உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று புரிந்தது. சுழித்த நாளெல்லாம் கரண்டு போய் ஜெனரேட்டர் ஓடிய நாள். அதைவிடக் கொடும் வெயில் அடித்த மற்ற நாட்களில் ஒருத்திக்கும் ஒன்றுமில்லை.

ஓடிப்போய் உதயகுமாரிடம் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் நம்பவில்லை.

"ஜெனரேட்டரு வெளிய கெடக்கும்மா. பொகை வெளியிலதான போவுது? உள்ள இருக்கவுகளுக்கு எப்படித் தலவலி வரும்?"

அந்தக் கேள்வியோடு அவள் மிஷினுக்குத் திரும்பினாள்.

பதில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்று மின்வாரியத்தின் பராமரிப்பு வேலை. காலை ஒன்பது மணியிலிருந்தே ஜெனரேட்டர் ஓடியது. சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திய ஹேமலதா புகையைப் பார்த்தாள். அது மேலே எழும்பாமல் படுத்தவாக்கில் வாசல் பக்கமாக ஓடியது. அங்கே மேலே இரண்டு பெரிய ஃபேன்கள் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. லாரி கிளப்பும் புழுதி துணியில் படியாமலிருக்க முன்பக்க ஜன்னல்களை எப்போதோ அடைத்துவிட்டார்கள். அப்படியானால் இவ்வளவு காற்று உள்ளே எந்த வழியாக வருகிறது?

ஊதுபத்தியோடு பின்பக்க ஜன்னலுக்கு நடந்தாள். புகை அவள் முகத்தில் அடித்தது. ஜன்னலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில், மழைக்குப் போட்ட தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே, ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அதன் புகைக்குழாய் வளைவில் விரிசல். ஃபேன்கள் அந்தப் புகையைத்தான் ஷெட் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தன. டீசல் வாடை மூக்குக்குப் பழகிப்போனதால் யாருக்கும் உறைக்கவில்லை.

கண்டுபிடித்துவிட்ட துள்ளலில் கத்தத் திரும்பினாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ரேணுகாதேவி மிஷின்மேலேயே தலை சாய்த்துக் கிடந்தாள்.

"ஹேமாக்கா, கண்ணு இருட்டிட்டு வருது..."

ஹேமலதா பின்வாசல் வழியாகப் பாய்ந்து ஜெனரேட்டரை நிறுத்தினாள். திரும்பி வந்து, தைத்தது தைத்தபடி கிடக்கட்டும், எல்லாரும் வெளியே போங்கள் என்று விரட்டினாள். நாலு பேர் ரேணுகாதேவியைத் தூக்கி வேப்பமரத்தடியில் கிடத்தினார்கள். உதயகுமார் வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். அடைத்த இடத்தில் ஏதாவது எரிந்ததா என்று டாக்டர் கேட்டதும் ஹேமலதா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, அது கார்பன் மோனாக்சைடு என்றும், அந்த வாயுவுக்கு நிறமோ வாடையோ கிடையாது என்றும், இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் பிழைப்பது கஷ்டம் என்றும் சொன்னார்.

சாயங்காலம் ரேணுகாதேவி கண் திறந்து டீ கேட்டாள். உதயகுமார் வராந்தாவில் நின்றபடி, "நீ சொன்னப்பவே கேட்ருக்கணும்மா" என்றார். மறுநாளே ஜெனரேட்டர் ஷெட்டை விட்டு விலகி வேலியோரம் போனது. புதுக் குழாய் கூரைக்கு மேலே ஏறியது. முன்பக்க ஜன்னல்களைத் திறந்து, புழுதிக்கு வலை கட்டினார்கள். அதற்குப் பிறகு கரண்டு எத்தனையோ தடவை போயிற்று, தலைவலி வரவில்லை.

செய்தி பரவி மற்ற ஷெட்டுக்காரர்களும் ஹேமலதாவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், காற்று எப்படி வந்து போகிறதென்று பார்த்துச் சொல்கிறாள். போன மாதம் திருச்சுழியில், ஞாயிறும் வேலை நடக்கும் ஒரு தையல் கூடம். பெயிண்ட் அடித்தபோது ஒட்டிப்போய், ஆறு வருஷமாகத் திறக்காத ஜன்னல்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுத்தியல் கேட்டாள். நாலாவது அடியில் ஜன்னல் கதவு படாரென்று திறந்தது. கரிசல் காட்டுக் காற்று உள்ளே பாய்ந்து வெட்டி வைத்த துணிகளையெல்லாம் பறக்கடித்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே அவற்றைப் பிடிக்க ஓட, ஹேமலதா அதற்குள் அடுத்த ஜன்னலுக்குப் போயிருந்தாள்.