லாஸ்டன் வண்டியின் இரைச்சல்

லாஸ்டனின் பிக்கப்பில் ஏறினால் அவன் மகள் தியமிகேயைப் பற்றித்தான் பேச்சு. கருவாட்டுக் கூடையோடு கொலொமோட்டியிலிருந்து டெட்சா மலைக்கு வாராவாரம் அவனோடு போய் வந்தவள் நான். அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடப் பாட்டுகூட எனக்கு மனப்பாடம்.

அந்த மழைக்காலத்தில் தியமிகே மலேரியாவில் படுத்துவிட்டாள். அவன் மனைவி ஸியோனே அவளைச் சலீமாவில், தன் தாய்வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். செல்போன் வராத காலம். அவசரமென்றால் வானொலி நிலையத்துக்குச் சொல்லி அனுப்புவோம். மதிய அறிவிப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "எதுன்னாலும் ரேடியோல சொல்லச் சொல்லு, வண்டியத் திருப்பிட்டு வந்துடுறேன்" என்று ஸியோனேயிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தான்.

ஆனால் அந்தப் பாழாய்ப்போன வண்டி! மலையேற இழுவை போதவில்லையென்று எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக் ஒயர்களைக் கழற்றிவிட்டு, சாதாரணச் செம்புக் கம்பி ஒயர் போட்டிருந்தான். எங்கள் ஓட்டுநர்கள் எல்லாருக்கும் அப்போது இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. அதனால் வண்டி ரேடியோவில் இரைச்சல் ஓயாமல் படபடவென்று வெடிக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் டைனமோவின் ஊளை வேறு அதில் சேர்ந்துகொள்ளும்.

அன்று அறிவிப்பு நேரத்தில் பாதி மலையில் இருந்தோம்.

"எஞ்சின நிறுத்துனாத்தான் கேக்கும் அக்கா. ஆனா பேட்டரிக்குத் திரும்ப ஸ்டார்ட் பண்ற தெம்பில்ல, அப்புறம் எல்லாரும் தள்ளணும்" என்றான் லாஸ்டன்.

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "மலையில தள்ளணுமா? உன் ரேடியோ கேக்கவா நாங்க காசு குடுத்து ஏறுனோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். லாஸ்டனும் சிரித்துவிட்டு மிதித்தான்.

டெட்சா சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் எனெலெஸ் அவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "நீ இன்னும் போகலையா? 'லாஸ்டன், எங்க இருந்தாலும் உடனே வா, பொண்ணு உன்னத் தேடுறா'ன்னு மதியமே சொன்னாங்களே! சந்தையே கேட்டுச்சேப்பா."

என் கூடைகளை இறக்கக்கூட விடாமல் வண்டியைத் திருப்பினான். அவன் போய்ச் சேர்ந்தபோது மகளுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

துக்கம் முடிந்ததும் வண்டியோடு மல்லுக்கு நின்றான். இரைச்சலை அடக்கும் பிளக் ஒயர் வாங்கிப் போட்டான். டைனமோவின் ஊளை ரேடியோவுக்குப் போகாமலிருக்க ஒரு கண்டன்சர் வைத்தான். ஏரியல் அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, தகரத்தோடு இறுக்கி எர்த் கொடுத்தான். அதன் ஒயரை எஞ்சினைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோனான். ரேடியோவில் ஒரு பொட்டு இரைச்சலில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை சின்ன வேலையா இது?

அடுத்த முறை ஸியோனேயும் எங்களோடு வந்தாள். மலையேறும்போது ரேடியோ கணீரென்று பேசியது. அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் எங்க வீட்டு ரேடியோல இப்படித்தான் தெளிவாக் கேட்டுச்சு" என்றாள். "உங்க பேரச் சொன்னதும் அவ கண்ணத் தொறந்தா. 'அப்பா கேட்டிருப்பாரு, வந்துட்டே இருப்பாரு'ன்னா."