குடலிறக்கம் என்று சொல்லிவைத்த ஆபரேஷன்

நாற்பத்து மூன்று வயதில் எனக்கு நடந்தது பெண்ணுறுப்பின் உள்ளிதழைக் குறைக்கிற ஆபரேஷன். இப்போது இதை ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறது. அன்றைக்கு என் கணவரிடம் சொல்லி முடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. முதலில் அவரை உட்காரச் சொன்னேன். டிவியை அணைத்தேன். பயப்படாதீர்கள் என்று ஆரம்பித்தேன். மனிதர் புற்றுநோய் என்றே முடிவுகட்டிக் கண் கலங்கிவிட்டார். விஷயம் தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது.

என் தொந்தரவு சாதாரணமானது. கணபதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சரவணம்பட்டியில் இருக்கும் கல்லூரிக்குத் தினமும் ஸ்கூட்டரில் போய்க் கணக்குப் பாடம் நடத்துகிறேன். அந்த இதழ் எனக்குக் கொஞ்சம் நீளம். சீட்டில் மடங்கி, உரசி, வெயில் காலத்தில் புண்ணாகிவிடும். வகுப்பில் ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே பேசுவேன். ரொம்ப உற்சாகமான டீச்சர் என்று பிள்ளைகள் நம்பினார்கள். இருபத்தைந்து வருடம் பவுடரும் தேங்காய் எண்ணெயும் போட்டுச் சமாளித்தேன். உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் இப்படி என்பதில் உறுதியாக இருந்தேன். எத்தனை பேரைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தேன் என்று கேட்டால், ஒருவரையும் பார்த்ததில்லை. நிரூபணம் இல்லாமல் விடை எழுதினால் மார்க்கைக் குறைப்பவள் நான்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மரத்துப்போக ஊசி, ஒரு மணி நேர வேலை, தானே கரைகிற தையல். முதல் வாரம் வீக்கம் பார்க்கவே பயமாக இருக்கும். சிறுநீர் எரியும், வெதுவெதுப்பான தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே போக வேண்டும். ஆறு வாரத்துக்கு ஸ்கூட்டரும் கூடாது, கணவரும் கூடாது. நான் ஸ்கூட்டரைப் பற்றி மட்டும் இன்னொரு முறை கேட்டேன்.

சொந்தபந்தத்துக்கு என்ன சொல்வது? யோசித்துக் குடலிறக்கம் என்று சொல்லிவைத்தேன். மரியாதையான நோய், யாரும் காட்டு பார்க்கலாம் என்று கேட்க மாட்டார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். உடுமலைப்பேட்டையில் இருக்கும் நங்கையா, அதாவது என் கணவரின் அக்கா, காலமான தன் வீட்டுக்காரரின் குடலிறக்கத்தைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர் என்பது எனக்கு மறந்தே போயிற்று. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலையில், ஒரு சாக்கு இளநீரோடும் அந்த மனிதர் கட்டியிருந்த வயிற்று பெல்ட்டோடும் வந்து இறங்கினார். பெல்ட்டைத் துவைத்துக் காயவைத்து மடித்துக்கொண்டு வந்திருந்தார்.

வயிற்றில் ஒரு கோளாறும் இல்லாத நான் வயிற்றில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, பாவாடைக்குள் ஐஸ் பையை மறைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தேன். அவர் கேள்விகளுக்கு முன்னால் என் எம்ஃபில் வைவா ஒன்றுமே இல்லை. தையல் எந்தப் பக்கம், இருமினால் வலிக்கிறதா என்றெல்லாம் கேட்டார். வலிக்கிறது என்று சொன்னதோடு நிற்காமல் இரண்டு முறை இருமியும் காட்டினேன். நிஜமாகவே கீழே சுருக்கென்றது.

மறுநாள் மதியம் பாத்ரூமில் ரத்தத்தைப் பார்த்தேன். கணவர் லேத் பட்டறை வேலையாக ஓசூர் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், பிரிந்திருந்தால் உடனே வர வேண்டும் என்றார் நர்ஸ். கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். பெல்ட் குனிய விடவில்லை. அதைக் கழற்றிப்போட்டுக் குனிந்தால் வீக்கம்தான் தெரிந்தது, அதுவும் ஒரு பக்கம் மட்டும் பெருத்து. போச்சு, எல்லாம் கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். சத்தமாகவே அழுதேன்.

கதவுக்கு வெளியே நங்கையாவின் குரல் கேட்டது.

"ஏனுங் கண்ணு, கதவத் தொறங்க."

திறந்தேன். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், குடலிறக்கம் பொய் என்பது உட்பட. அவர் என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். கூச்சம் தாங்காமல் நான் அறையில் உள்ள மின்விசிறிகளை எண்ணினேன். ஒன்றுதான் இருந்தது.

"தையலெல்லாம் அப்படியேதான் இருக்குதுங் கண்ணு. ஒரு ஓரத்துல கசிஞ்சிருக்குது, அவ்வளவுதான்."

நர்ஸிடமும் அவரே பேசினார். பயமில்லை, சுத்தமான துணியால் லேசாக அழுத்திக்கொண்டு படுத்திருக்கட்டும், காலையில் வந்து காட்டினால் போதும் என்று பதில் வந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அடுத்தது பொய் சொன்னதற்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இப்படி இருப்பதைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

சொன்னேன். நிறையப் பேருக்கு இப்படித்தான் இருக்கும், மூக்கு மாதிரி ஆளுக்கு ஆள் வேறுபடும், இது நோயும் இல்லை, குறையும் இல்லை. புண்ணாகிறது என்பதால்தான் ஆபரேஷன், வெறும் தோற்றத்துக்காக வந்திருந்தால் அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்று டாக்டரம்மா சொன்னதை ஒப்பித்தேன்.

"எனக்கும் இப்படித்தானுங் கண்ணு," என்றார் நங்கையா.

கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் ஒரு தடவை என்னவோ சொல்லிவிட்டாராம். என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் சாகும்வரை, வெளிச்சத்தில் அவர் எதிரில் புடவை மாற்றியதே இல்லையாம். அந்த மனிதருக்குத்தான் தினமும் காலையில் பெல்ட் கட்டிவிட்டிருக்கிறார்.

உடனே, உங்களுக்கும் அதே டாக்டரிடம் நேரம் வாங்கட்டுமா என்று கேட்டுவைத்தேன். கேள்வி புரிவதற்கு முன்பே விடை எழுதும் புத்தி என்னுடையது. தனக்கு வலியோ உரசலோ ஒரு நாளும் இருந்ததில்லை என்றார் அவர்.

"ஆப்பரேசன் வேண்டாமுங் கண்ணு. கொறையில்லீன்னு டாக்டரு சொன்னாங்கல்லோ, அத மட்டும் இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். மறுபடியும் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன்.