மாமிக்கு நான் எடுத்த முதல் ஈசிஜி

நெஞ்சில் ஆறு இடங்கள் உண்டு. முதல் இரண்டும் நடு நெஞ்செலும்பின் வலமும் இடமும், நாலாவது விலா இடைவெளியில். மற்ற நாலும் அங்கிருந்து இடது மார்புக்குக் கீழாக வளைந்து அக்குள் வரைக்கும் போகும். பயிற்சியின் முதல் கிழமையிலேயே இதைப் படித்துவிட்டோம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்வதில் நான் எப்போதும் கெட்டிக்காரன். செய்ய வேண்டிய நாளில் செய்யாமல் விட்டேன். அந்தக் கேவலத்தைத்தான் எழுதப் போகிறேன், வாசித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

கல்முனைக் கரையோரத்தில் நாங்கள் கல்யாணம் முடித்தால் பெண் வீட்டுக்குத்தான் போய் இருப்போம். நான் போய் இருந்தது சுனாமிக்குப் பிறகு கிடைத்த இரண்டு அறை வீடு. பழைய வீட்டோடு மாமனாரையும் மூத்த மச்சானையும் கடல் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியது மாமியும் என் மனைவியும். கட்டார் போய் வாகனம் ஓட்டுவதா, ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கும் வேலைக்குப் பயிற்சி பெறுவதா என்று நான் இழுபட்டுக்கொண்டிருந்தபோது, முடிவைச் சொன்னது மாமிதான். என்னிடம் சொல்லவில்லை, மகளிடம் சொன்னார். "வெளிநாட்டுக் காசு வரும், போகும். நெஞ்சு நோவு எண்டு வாற சனத்துக்கு ஒரு உதவியா இரிக்கட்டும், புள்ள. மருமகனுக்கு அதைச் சொல்லு." மருமகன் அப்போது மூன்று அடி தூரத்தில், திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் சோறு தின்றுகொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் மாமி மருமகனுக்கு முன்னால் வந்து நிற்க மாட்டார். நான் வாசல் படலையில் நின்று செருமினால் மாமி அடுக்களைக்குள் போய்விடுவார். எனக்குச் சொல்ல வேண்டியதை மகளுக்குச் சொல்வார், நானும் பதிலை மனைவிக்குச் சொல்வேன். "ரெண்டு பேரும் டெலிபோன் எடுத்துக் கதைங்களன், எனக்கு வாய் நோகிது" என்று என் மனைவி சிரிப்பாள். கல்யாணம் முடித்து இரண்டு வருடமாகியும் மாமியின் முகத்தை நான் முழுதாகப் பார்த்ததில்லை. இதற்கு மார்க்கத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. மார்க்கத்தில் மாமி மருமகனுக்கு மஹ்ரம், பெற்ற தாயைப் போலத் திரை தேவையில்லாத உறவு. இது வெறும் ஊர் வெட்கம், அதை மரியாதை என்று பெயர் சூட்டி வைத்திருந்தோம்.

பயிற்சியின் கடைசி மாதங்களை ஊருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கழிக்க அனுப்பினார்கள். அங்கிருந்த மெஷின் சுனாமிக்குப் பிறகு எந்தத் தேசத்திலிருந்தோ வந்தது. கை கால்களுக்கு நாலு கிளிப். நெஞ்சுக்கு ஒரே ஒரு ரப்பர் குமிழ்; அதை அமுக்கித் தோலில் வைத்தால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஓரிடத்தில் வைத்து எடுத்து, கழற்றி, அடுத்த இடத்தில் வைத்து, இப்படி ஆறு தரம். பிறகு நீளமாக வரும் கடதாசியை வெட்டி அட்டையில் வரிசையாக ஒட்டி டொக்டரிடம் கொடுக்க வேண்டும். குமிழ் வைத்த இடமெல்லாம் வட்டமாகச் சிவந்து கிடக்கும், ஒரு நாளுக்கு மறையாது.

பெண்களுக்குப் பெரும்பாலும் எடுப்பது எங்களுக்குப் பொறுப்பாக இருந்த தாதி; மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். காரைதீவுப் பக்கத்துத் தமிழ்ப் பெண், கண்டிப்பானவர். "வெட்கம் பாத்தா வீட்டில இரி தம்பி. உடுப்புக்கு மேல இதயம் அடிக்காது" என்பார். அவர் பக்கத்தில் நிற்க, முன்பின் தெரியாத பெண்கள் பலருக்கு நான் ஒழுங்காக எடுத்திருக்கிறேன். அதனால் எனக்கு வேலை தெரியாது என்றும் சொல்லித் தப்ப முடியாது.

யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன நாள் மிஸ் வேலைக்கு வரவில்லை. வன்னியில் இருந்த அவருடைய தங்கச்சியைப் பற்றி மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. மெயின் ரோட்டில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. வார்டில் பாதிப் பேர் டீவிக்கு முன்னால் நின்றார்கள். பகல் பதினொரு மணியிருக்கும், என் மனைவி மாமியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள்.

"மச்சான், உம்மாவுக்கு விடியக்காலையில இருந்து நெஞ்சுக்க அடைக்கிதாம். வேர்த்து ஊத்திது. கெதியாப் பாருங்க."

மாமியைக் கட்டிலில் படுக்க வைத்தோம். நான் திரையை இழுத்து மூடினேன். மனைவி பெயர் பதிந்து நோயாளி அட்டை எடுக்க வெளியே போய்விட்டாள். திரைக்குள் மாமியும் நானும். கை கால் கிளிப்புகளைப் பூட்டினேன். மாமியின் கையை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன், ஐஸ் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. அந்தக் குளிர் எதைச் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேனே!

மாமி என்னைப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். பிறகு தானாகவே சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றி முடித்துவிட்டு, என்னோடு நேராகப் பேசிய முதல் வார்த்தையைச் சொன்னார்.

"எடுங்க மகன்."

இதை நான் திரும்பவும் எழுதுகிறேன், எனக்காகவே எழுதுகிறேன். பொத்தானைக் கழற்றியது மாமி. எடுங்கள் என்று சொன்னதும் மாமி. போர்வையை எடுத்துக் கழுத்து வரைக்கும் இழுத்து மூடியது நான்.

மூடிவிட்டு, கழுத்துக்குக் கீழே வெளியே தெரிந்த நாலு விரல் அகலத் தோலில் குமிழை வைத்தேன். காறை எலும்புக்குக் கீழே வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, பிறகு அதற்குப் பக்கத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி நாலு. இதயம் கீழே கிடந்து துடிக்க, நான் மேல் மாடியில் நின்று ஆறு தரம் கதவைத் தட்டிவிட்டு வந்தேன். கடதாசியில் வந்த கோடுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. அவற்றை வெட்டி, ஒன்று இரண்டு மூன்று என்று இலக்கம் போட்டு அழகாக ஒட்டினேன். சீ! அந்த அட்டையில் என் கையெழுத்து எவ்வளவு வடிவாக இருந்தது என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

டொக்டர் இளம் ஆள், அன்றைக்கு வார்டு முழுவதையும் ஒற்றையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். அட்டையை வாங்கிப் பார்த்தார். "பெரிசா ஒண்டும் தெரியல்ல. நீர்தானே எடுத்தது? சரியா எடுத்தீரா?" என்றார்.

"ஓம் டொக்டர்."

வாய்வுக்கு மருந்து எழுதி, நோவு கூடினால் உடனே வரச்சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். பின்னேரம் நான் வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலிலேயே மறித்தாள். "உம்மாக்கு உடுப்பு மாத்தக்குள்ள பாத்தன். கழுத்துக்குக் கீழ மட்டும் வட்டம் வட்டமாச் சிவந்திரிக்கி. அங்கதான் எடுக்கிறதா மச்சான்?" என்று கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். அப்போதாவது உண்மையைச் சொல்லி, மாமியைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடியிருக்கலாம். நேரம் இருந்தது. "ஓம், அங்கதான்" என்றேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மாமி இருமினார்.

அடுத்த நாள் காலை மாமியால் மூச்சு விட முடியவில்லை. வார்டுக்குக் கொண்டுபோனபோது மிஸ் வந்திருந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன, தங்கச்சியைப் பற்றிக் கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. விலாவை எண்ணி எண்ணி ஆறு இடத்திலும் குமிழை வைத்து எடுத்தார். தன் தலைமேல் இடி விழுந்த நாளிலும் அவர் ஓரிடத்தையும் தவறவிடவில்லை. என் தலையில் என்ன விழுந்திருந்தது? ஒன்றுமே இல்லை, வெட்கத்தைத் தவிர.

கோடு என்ன சொன்னது என்பதைப் பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். இதயத்தின் முன்பக்கத்தில் பெரிய அடைப்பு, ஒரு நாள் பழையது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, நோவு தொடங்கிப் பன்னிரண்டு மணித்தியாலம்தான் கணக்கு. அது எப்போதோ கடந்திருந்தது.

டொக்டர் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். மிஸ்ஸும் நின்றார், கட்டிலின் தலைமாட்டில் என் மனைவியும் நின்றாள்.

"தம்பி, இது ஆறும் ஒண்டாக் கிடக்கு. நெஞ்சிலயா எடுத்தீர், எங்க எடுத்தீர்?"

பயிற்சிப் புத்தகத்தில் அந்தக் கிழமை டொக்டரின் கையெழுத்து விழ வேண்டும். அது விழாவிட்டால் இரண்டு வருடப் படிப்பும் பாழ். உண்மையாகச் சொல்கிறேன், மாமி மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்த அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்த யோசனை அந்தப் புத்தகம்தான். என்ன மனுசன் நான்!

மாமி ஒட்சிசன் மாஸ்க்கைக் கையால் தூக்கினார். "அவரை ஏசாதீங்க டொக்டர். அவர் ஒழுங்கா எடுக்கத்தான் வந்தவர். நான்தான் விடல்ல. மருமகனாச்சே எண்டு வெட்கப்பட்டு, போர்வையைப் பிடிச்சுக்கிட்டன்."

டொக்டர் என்னைப் பார்த்தார். "அப்பிடியா?"

நான் தலையை ஆட்டினேன். ஒரு வார்த்தைகூடச் செலவழிக்காமல், ஒரு தலையாட்டலில் என் குற்றம் முழுவதையும் மாமியின் நெஞ்சில் ஏற்றிவைத்தேன். மிஸ் மட்டும் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருக்கு விளங்கியிருக்கும். "நோயாளி விடாட்டி அதை அட்டையில எழுதணும், தெரியாதா?" என்று டொக்டர் ஏசினார். அத்தோடு முடிந்தது. அந்தக் கிழமையே புத்தகத்தில் கையெழுத்தும் விழுந்தது. நிரந்தர வேலையும் கிடைத்தது, அதே ஆஸ்பத்திரியில்.

மாமியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே மனைவி உம்மாவோடு சண்டை போட்டாள். "உங்கட வெட்கத்தால உயிரே போகப் பாத்திச்சே உம்மா!" நான் அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாமி பிழைத்தார். ஆனால் இதயம் பாதிப் பலத்தில்தான் வேலை செய்தது. கிணற்றடிக்குப் போய்வர இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டும். தொழுவதும் கதிரையில் இருந்துதான். சுஜூதுக்கு நெற்றியை நிலத்தில் வைக்க முடியாதது ஒன்றுதான் அவருக்குப் பெரிய கவலை. ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் அந்தக் கதிரை இழுபடும் சத்தம் எனக்குக் கேட்கும்.

கிளினிக் நாட்களில் மாமிக்கு ஈசிஜி எடுப்பது நான்தான். மிஸ் எடுக்க வந்தால் மாமி விடமாட்டார். "என்ட மருமகன் எடுக்கட்டும்" என்பார். இப்போது ஆறு இடத்திலும் எடுக்கிறேன், விலாவை எண்ணித்தான் எடுக்கிறேன்.

ஒரு நாள் பக்கத்துக் கட்டிலில் இறக்காமத்திலிருந்து வந்த இளம் பெண் ஒருத்தி, மேற்சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆம்பிளை எடுக்க வேண்டாம் என்று அழுதாள். மிஸ் வேறு வார்டில் இருந்தார். மாமி திரையை விலக்கிக்கொண்டு அவளிடம் போய், கட்டில் கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்.

"அழாத புள்ள. நானும் உன்னப் போலத்தான் வெட்கப்பட்டன். இவரு என்ட மருமகன், எவ்வளவோ சொல்லியும் நான் கேக்கல்ல. இப்ப என்ட நெஞ்சப் பாத்தியா, பத்து அடி நடக்க ஏலாது. இவருட்டக் காட்டு, பயப்படாத."

அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு பிடியைத் தளர்த்தினாள். "உங்கட மருமகன் தங்கமான மனுசன் மாமி" என்றாள்.

மாமி திரும்பி என்னைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கண்ணுக்குக் கண். கோபம் இல்லை, கேள்வியும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குப் போதுமான நேரம் காத்து நின்றார்.

நான் குமிழைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஓம் புள்ள" என்றார் மாமி. "தங்கமான மனுசன்."