மாமாவின் முட்டிக்கு விட்ட இடம்

மேசைக்குக் கீழே மாமாவின் முட்டி இடித்தது. பெரிய சத்தமில்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் கிள்ளான் நகரில் ஒரு கடையில் கிட்சன் கேபினட் செய்கிறேன். அளவெடுக்கவும் பொருத்தவும் சுபாங் ஜெயா வரை போவேன். ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்தது, அப்புறம் மரவேலைதான். அப்படியிருந்தும் பண்டமாரானில் எங்கள் வீட்டுக்கு ஒரு சாப்பாட்டு மேசை செய்ததில்லை. தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம்.

மாமா என் மனைவி சாந்தியின் அப்பா. லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்தபின் எங்களோடு தங்குகிறார். சக்கர நாற்காலி. சாப்பாடு அறைக்கே போகும்.

"அப்பா சுவத்தப் பாத்துக்கிட்டு சாப்பிடுறாருங்க. ஒரு மேசை செய்ங்க, எல்லாரும் ஒண்ணா ஒக்காரலாம்," என்றாள் சாந்தி.

மெரந்தி மரப் பலகை வாங்கி, விடுமுறை நாட்களில் வீட்டு வாசலில் வைத்துச் செய்தேன். அளவெடுப்பதில்தான் சிக்கல். மாமாவும் நானும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். அவர் முட்டியருகே குனிந்து டேப் பிடிக்க எனக்குக் கூச்சம். ஒரு மதியம் அவர் படுத்திருந்தபோது, காலி நாற்காலியில் நானே உட்கார்ந்து அளந்துகொண்டேன். அவர் உட்காரும் தடித்த மெத்தை அப்போது வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. அது என் கணக்கிலேயே வரவில்லை.

முதல் சாப்பாட்டுக்கு ரவாங்கிலிருந்து சாந்தியின் தங்கை குடும்பமும் வந்திருந்தது. கோழிக்கறி மேசைக்கு வந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளினேன். மெத்தையின் உயரத்தால் மாமாவின் முட்டி, மேசைக்கால்களை இணைக்கும் சட்டத்தில் இடித்து நின்றது.

"வுடு மாப்ளே. எனக்கு ரூம்தான் சரி. சோறு ஆறிப்போவுதுலா," என்றார்.

சாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாமா, அசையாம இருங்க," என்றேன். குனிந்து, அவர் முட்டிமேல் கை வைத்து, சட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அவரைத் தொட்டு நான் அளந்தது அப்போதுதான்.

"அத்தான், பசிக்குதுன்னு வந்தா மேசைய அறுக்கப் போறீங்களா?" என்றாள் கொழுந்தியாள்.

சட்டிகள் அடுப்படிக்குத் திரும்பின. மேசையைச் சாய்த்து, ஜிக்சா ரம்பத்தால் சட்டத்தை வளைவாக அறுத்தேன். பலம் குறையாமல் இருக்க மூலைகளில் இரும்பு ஆங்கிள் வைத்து முடுக்கினேன். மரத்தூளைக் கூட்டியதும் மாமா நல்ல கையைத் தூக்கினார்.

"இந்த வாட்டி நான் சொல்றேன், நீ தள்ளு. வா... வா... லெஃப்ட்ல ஒடி. ஐயோ, கோஸ்தான், கோஸ்தான்! பின்னால எடு மாப்ளே! இப்ப வா... போதும், பிரேக்!"

முட்டி உள்ளே போய்விட்டது. மேசையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "லைசன்ஸ் குடுக்கலாம் ஒனக்கு," என்றார். சாந்தி அவருக்கு முதலில் பரிமாறி, பக்கத்திலேயே தன் தட்டையும் வைத்து உட்கார்ந்தாள்.

இப்போது கேபினட் அளவெடுக்கப் போனால், இடத்தை மட்டும் அளந்துவிட்டுத் திரும்புவதில்லை. "ஆன்டி, சட்டி கழுவுற மாதிரி இங்க கொஞ்சம் நில்லுங்க," என்று கேட்டு, அவர்கள் கை எட்டும் உயரத்தைக் குறித்துக்கொள்கிறேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.